சீமாட்டிக்குத் தங்கை கிடையாது

ஒன்பதாவது புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், செத்துப்போனவள் வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிழை திருத்தும் வேலைக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஒரு கர்ப்பிணி பதினாலு மாதம் சுமந்ததைப் பார்த்திருக்கிறேன். போரில் ஒரு கையை இழந்தவன் இரண்டு கையாலும் காதலியைத் தூக்கிக்கொண்டு மலையேறியதைப் பார்த்திருக்கிறேன். செத்தவள் எழுந்து வருவதெல்லாம் எங்கள் பதிப்பகத்தில் பெரிய விஷயமே இல்லை.

நாங்கள் போடுவது ஸ்காட்லாந்துப் பிரபு வம்சத்துக் காதல் நாவல்கள். கோட்டை, ஏரி, மூடுபனி, அந்தக் குளிரிலும் முழங்கால் தெரிய நிற்கிற பிரபு, தொண்ணூறாம் பக்கம்வரை அவனைக் கண்டாலே ஆகாத ஒரு பெண். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரித்தவர்கள் வீட்டுத் தலையணைக்கடியிலும் அதுதான் இருக்கிறது. எங்களில் ஒருவரும் ஸ்காட்லாந்தைக் கண்ணால் கண்டதில்லை. ஓர் அட்லஸும் பன்னிரண்டு கோட்டைப் படம் போட்ட பழைய காலண்டரும்தான் எங்கள் ஸ்காட்லாந்து. ஜனவரிக் கோட்டையில் எங்கள் பிரபு குடியிருந்தார். ஆகஸ்ட் கோட்டை அவருடைய பகையாளிக்கு.

அட்டையில் இருப்பது ஒரு கற்பனைப் பெண்ணின் பெயர். அதற்குப் பின்னால் இருந்தது என் அக்காவும் அத்தானும். அக்கா நோட்டில் கையால் எழுதுவாள். அத்தான் டைப் செய்து, விட்ட இடத்தை நிரப்பிக் கோர்ப்பார். புரூஃப் என்னிடம் வரும். பிரபு வம்சத்தின் பதிவேடும் என்னிடம்தான் இருந்தது. யார் எப்போது பிறந்தார், யாருக்கு எந்தத் தோளில் காயம், யார் எந்தப் புத்தகத்தில் செத்தார், எல்லாம் அதில் உண்டு. பதிவேட்டில் இல்லாத ஆள் கதையில் கிடையாது. அலுவலகத்தில் முகத்துக்கு முன்னால் மேடம் என்றும் முதுகுக்குப் பின்னால் கத்தரி என்றும் என்னைச் சொல்வார்கள். எனக்கும் தெரியும், காது செவிடில்லை.

அக்கா இறந்துபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அத்தான் தனியாக எழுதிய முதல் புத்தகம் அந்த ஒன்பதாவது.

மேஜைக்கு வந்தவள் பிரபுவின் முதல் மனைவி. சீமாட்டி. முதல் புத்தகத்தின் இரண்டாவது அத்தியாயத்திலேயே இருமி இருமிச் செத்தவள். அவளைக் கொன்றது நான். அவள் உயிரோடு இருக்கட்டும், மேல்மாடியில் உட்கார்ந்து வீட்டையே ஆட்டிவைக்கட்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். முதல் பெண்டாட்டி இருக்கும்போது கதாநாயகி எப்படி வருவாள், காதல் நாவலா குடும்ப வழக்கா என்று நான் பாய்ந்தேன். அக்காவுக்கு எழுத மனசு வரவில்லை என்றதும், அந்த மூன்று பக்கத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். இருமல், ரத்தம், மூச்சு வாங்கல், ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு ஆசையாகக் கொல்கிறாயே என்று அக்கா சிரித்தாள். ஆறு வருஷம் கழித்து அவளுக்கே நுரையீரலில் நோய் வந்தது. எழுதினால் நடக்குமா என்ன? நடக்காது. எனக்கும் அவ்வளவு அறிவு இருக்கிறது. இருந்தாலும் அந்த மூன்று பக்கத்தை அதற்குப் பிறகு நான் திறக்கவில்லை.

மேஜையில் சீமாட்டி ஒரு காலை மடித்து அடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் என்று இருந்தது. எங்கள் அக்கா அப்படித்தான் உட்காருவாள், பஸ்ஸில்கூட. அதைப் படித்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. பத்தி முழுவதையும் அடித்து, இவர் முதல் புத்தகத்திலேயே இறந்துவிட்டார், பதிவேடு பக்கம் நான்கு என்று ஓரத்தில் எழுதினேன்.

இரண்டாவது புரூஃபில் அவள் அதே நாற்காலியில் இருந்தாள். இந்தத் தடவை வாயையும் திறந்தாள். பரிமாறுகிறவளிடம், "தங்கச்சி சாப்பிட்டாளா?" என்று கேட்டாள். சீமாட்டிக்குத் தங்கை கிடையாது என்று எழுதி அதையும் அடித்தேன்.

பக்கம் கட்டுகிற டிடிபி பெண்ணைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். பாவம், அவள் அழாத குறையாக ஃபைலைத் திறந்து காட்டினாள். நான் அடித்ததை அவள் எடுத்திருந்தாள். அத்தான் அனுப்பிய திருத்தத்தில் அது மறுபடி வந்திருந்தது. அத்தானுக்குப் போன் போட்டேன். அவர் கோபப்படவில்லை. "அடிக்கணும்னா அடிச்சுக்கோம்மா. படிச்சுட்டு அடி," என்றார். மனுஷன் துக்கத்தில் குழம்பிப்போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாவது புத்தகத்தில் அவள் மூன்று இடத்தில் வந்தாள். மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். ஏரிப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்தாள். மூன்றாவது இடத்தில், தங்கச்சிக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும், அது பசியில் வருகிற கோபம், ஒரு வாய் சோறு போட்டால் இறங்கிவிடும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்காட்லாந்துக் கோட்டையில் ஏது சோறு? அது எங்கள் அக்கா என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவைத்த பேச்சு. அத்தான் வேண்டுமென்றே என்னைச் சீண்டுகிறார் என்று ஆத்திரம் வந்தது. மூன்றையும் அடித்தேன்.

அதற்குப் பிறகு எனக்குப் புரூஃபைப் புரட்டவே பயம். பட்டப்பகலில், இருபது பேர் வேலை செய்கிற அறையில், பக்கத்தைத் திருப்புவதற்கு முன் ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொள்வேன். பின்னால் யாரோ நின்று படிக்கிற மாதிரியே இருக்கும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம் முதுகுவலி என்றேன். ஏதாவது ஒரு பக்கத்தில் அவள் இருப்பாள், இந்தத் தடவை என்ன கேட்பாளோ என்றே நினைத்துக்கொண்டிருப்பேன். நாலைந்து அத்தியாயம் அவள் வராமல் போனால் அதுவும் தாங்கவில்லை. ஏன் வரவில்லை என்று தேடுவேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை. அக்கா சாவதற்கு மூன்று வாரம் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் செய்தாள். அத்தான் காப்பி வாங்கக் கீழே போயிருந்த நேரம். அடுத்த புத்தகத்தில் சீமாட்டியை உயிரோடு கொண்டு வந்துவிடலாமாடி என்று கேட்டாள், குரலே எழும்பவில்லை. நான் அப்போது ஓர் அவசரப் புரூஃபில் இருந்தேன். அவசரம் என்பதுகூடப் பொய். அந்தக் குரலைக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. "உனக்கென்ன பைத்தியமா? செத்தவ செத்தவதான்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவளிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கடைசிவரை தங்கச்சிக்காரி எட்டிப் பார்க்கவில்லை என்று உறவுக்காரர்கள் பேசினார்கள், பேசட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அக்கா என்மேல் கோபத்தோடு போனாளா, இல்லையா? அதைச் சொல்லக்கூடியவள் போய்விட்டாள்.

பதினோராவது புத்தகத்தின் முதல் பாதி போன வாரம் வந்தது. எழுபத்து மூன்றாம் பக்கத்தில் சீமாட்டி படுக்கையில் சாய்ந்துகொண்டு வேலைக்காரியிடம் சொன்னாள்:

"செத்தவ செத்தவதான்னு சொல்லிட்டா. சொல்லட்டும். அவ என்னைச் சொல்லல. பயத்துல சொன்னா."

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து அக்கா காதுக்குப் போனது. நடுவில் மூன்றாவது ஆள் கிடையாது. அந்த நிலைமையிலும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அடித்தேன். காகிதம் கிழிகிறவரை அடித்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அத்தான் வீட்டுக்குப் போனேன்.

அத்தான் கதவைத் திறந்துவிட்டு மறுபடி மேஜைக்கே போனார். அடுத்த அத்தியாயத்தை டைப் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு நோட்டு விரித்திருந்தது. சாய்ந்து சாய்ந்து ஓடுகிற எழுத்து. அக்காவின் கை.

கத்தலாம் என்றுதான் வந்தேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அத்தான் நிதானமாகத்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் அக்கா எழுதியது இந்த ஒரு நோட்டுதான். கதை இல்லை, சீமாட்டி வருகிற துண்டுகள் மட்டும். ஒவ்வொரு புத்தகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொல்லியிருந்தாள். கடிதமாக எழுதிக் கொடு என்று அவர் கேட்டாராம். கடிதம் என்றால் நான் பிரிக்காமலே பீரோவில் போட்டுவிடுவேன் என்றாளாம் அக்கா. அது உண்மைதான், போட்டிருப்பேன்.

"புரூஃப்னா ஒரு எழுத்து விட மாட்டா. அடிச்சாலும் படிச்சுட்டுத்தான் அடிப்பான்னு சொன்னா," என்றார் அத்தான். "நீயா சண்டைக்கு வர்ற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. நீ இவ்வளவு நாள் பொறுப்பேன்னு அவளும் நினைக்கல."

இரண்டரைப் புத்தகமாக என் அக்கா எனக்குச் சொல்லி அனுப்பியதையெல்லாம், பதிவேட்டில் இல்லை என்று நான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். ஒரு பக்கம் என்றார். அதை டைப் செய்துவிட்டால் அப்புறம் ஒன்றும் இல்லை என்பதால் நாலு நாளாகத் தள்ளிப்போடுகிறாராம். நோட்டை என் மடியில் வைத்தார்.

சீமாட்டி படுத்திருக்கிறாள். தங்கச்சி வந்தாளா என்று வேலைக்காரியிடம் கேட்கிறாள். இல்லை அம்மா என்கிறாள் அவள். அதற்குச் சீமாட்டி சொல்வது இது:

"அவ வந்தா, நான் தூங்குறேன்னு திருப்பி அனுப்பிடாதே. கதவுகிட்டயே நின்னுட்டுப் போயிடுவா. உள்ளே வந்து எழுப்பச் சொல்லு. ஒண்ணும் பேச வேணாம், எழுப்பினாப் போதும்."

அவ்வளவுதான். பாதிப் பக்கம் காலியாக இருந்தது.

கோபமெல்லாம் ஒன்றும் இல்லை, நீ வரவில்லையே என்கிற ஒரே குறைதான் அவளுக்கு என்று அத்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"வந்தேன், அத்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை. நீங்க குளிக்க வீட்டுக்குப் போயிருந்தீங்க. கதவுகிட்ட நின்னேன். கண்ணை மூடிப் படுத்திருந்தா. தூங்குறாளேன்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அப்படியே திரும்பிட்டேன்."

அத்தான் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு குனிந்து அந்தப் பக்கத்தின் மேல்மூலையில் விரலை வைத்தார். அக்கா தேதி போட்டிருந்தாள். அதே செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை அவள் செத்துப்போனாள்.

அக்கா தூங்கவில்லை. நான் வந்ததும் அவளுக்குத் தெரியும், நின்றதும் தெரியும். எழுப்புகிறேனா என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். நான் போன பிறகு உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறாள். "நான் திரும்பி வந்தப்ப சிரிச்ச முகமா இருந்தா. என்னன்னு கேட்டேன், சொல்லல," என்றார் அத்தான். நான் வாய்விட்டு அழுதேன். அவர் தடுக்கவில்லை.

அழுது முடித்த பிறகு, மீதிப் பாதிப் பக்கத்தை நான் எழுதுகிறேன் என்றேன். சரி என்று அவர் எழுந்து இடம் விட்டார். தங்கை கதவருகே நிற்கவில்லை, உள்ளே போனாள், கட்டிலில் உட்கார்ந்தாள், அக்காவின் தோளைத் தொட்டாள். அதுவரை எழுதிவிட்டேன். அவள் கண்ணைத் திறக்க வேண்டும். மூன்று நாளாகிறது, தோளில் வைத்த கை வைத்தபடியே இருக்கிறது.