சத்தம் வெளியே வராத சுவர்

பரணை அறையாக மாற்றித் தம்பியை அங்கே வைப்பது என்று முடிவானதும், அக்காவின் கணவர் ஆசாரியைக் கூட்டிவந்தார். கணவர் இரவு பஸ் ஓட்டுபவர். பகலில்தான் தூக்கம். ஐந்து வருஷம் முன்பு பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்ட தம்பி, முப்பது வயது ஆள், விடிந்ததிலிருந்து "அக்கா, அக்கா" என்று கத்துவான். அவள் வந்து முகம் காட்டினால் அடங்குவான். நகர்ந்தால் மறுபடி ஆரம்பிப்பான்.

"தூங்காம ஸ்டியரிங் பிடிச்சா நாப்பது பேரு உசிரு. நான் என்ன கல்லா?" என்றார் கணவர். போன வாரம்தான் பஸ்ஸைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உரசிவிட்டு வந்திருந்தார்.

ஆசாரி குனிந்து பரணுக்குள் போய், உத்தரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்.

"செங்கல் பேச்சே வேணாம், இது தாங்காது. மரச்சட்டம் அடிச்சு ஜிப்சம் பலகை போட்டுக்கலாம். நடுவுல என்ன அடைக்கிறதுன்னுதான் யோசிக்கணும். தெர்மாகோல்னா வெயில் இறங்காது, ஆனா சத்தம் வரும். தீப்பிடிச்சா உருகி ஊத்தும். ராக்வூல்னு கல்லுப் பஞ்சு இருக்கு, அது வச்சா சூடும் நிக்கும், சத்தமும் நிக்கும். சுவர்தான் ஒரு சாண் தடிக்கும், ரூம் சின்னதாயிடும்."

"சின்னதானா பரவாயில்ல. சத்தம் வரக் கூடாது," என்றார் கணவர்.

கீழே தம்பி கத்தினான். ஆசாரி அளவு நாடாவைச் சுருட்டியபடி அவளைப் பார்த்தார். "இவருக்குத்தானாம்மா ரூம்? கூப்பிட்டா உங்களுக்குக் கேக்க வேணாமா?"

"மணிக்கொரு தரம் போய்ப் பாத்துக்கறேண்ணே," என்றாள். "ராக்வூலே வைங்க."

பன்னிரண்டு நாளில் வேலை முடிந்தது. இரட்டைப் பலகை, இடுக்கெல்லாம் ரப்பர் பட்டை, தரைக்கடியிலும் பஞ்சு. படி செங்குத்து என்பதால் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள்.

இரண்டு நாள் சொன்னபடியே ஏறி இறங்கினாள். மூன்றாம் நாள் தையல் வேலை நெருக்கியது. பள்ளிச் சீருடைகள், மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். அது மட்டும் காரணமில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு மிஷின் ஓடும் சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

மதியம் சோற்றுத் தட்டோடு கதவைத் திறந்தபோது அவன் சுவரோரம் மண்டியிட்டிருந்தான். பலகையில் ரத்தத் திட்டுகள். விரல் முட்டிகளில் தோல் பிய்ந்திருந்தது. வாய் "அக்கா" என்று அசைந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

அவள் கீழே இறங்கியபோது கணவர் சோம்பல் முறித்தபடி எழுந்து வந்தார். "இன்னிக்குத்தான் மனுஷனாத் தூங்கினேன்," என்றவர், அவள் கையிலிருந்த ரத்தத் துணியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

குரல் திரும்பப் பத்து நாள் ஆனது. தண்ணி என்பான், வலிக்குது என்பான். அக்கா என்று மட்டும் கூப்பிடவில்லை. ஆசாரியை வரவழைத்துப் படிப்பக்கச் சுவரைப் பிரித்துப் பஞ்சை உருவச் சொன்னாள். கணவர் தடுக்கவில்லை. மிஷினைப் படிக்குக் கீழே நகர்த்திப் போட்டுக்கொண்டு, நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு தைக்கிறாள். மேலே அவன் புரண்டு படுப்பதுகூடக் கேட்கிறது.