அருகில் உள்ள பூட்டுக்கடை

பூட்டுக்கடை முதன்முதலாக இடம் மாறியபோது அடுப்பில் பால் இருந்தது. பழைய தெருவில் பொங்கத் தொடங்கிய பால், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் வழிந்தது. கடை, அதற்குப் பின்னால் ஓர் அறை, சமையலறை, குளியலறை, மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகள் எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டுப் போய் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே நின்றன. அந்த இரண்டு கட்டடங்களும், பஸ் சீட்டில் மூன்றாவது ஆளுக்கு இடம் விடுபவர்களைப் போல, மனமில்லாமல் கொஞ்சம் தள்ளிக்கொண்டன. வாசலில் ஒரு பெண்மணி கையில் போனுடன் நின்றிருந்தார். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டவர். ‘எனக்கு அருகில் பூட்டுக்கடை’ என்று தேடிவிட்டு நிமிர்ந்தபோது கடை எதிரே இருந்தது. "பக்கத்துலயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுறேன் பாருங்க" என்று அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பூட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து கொடுத்தார். அவர் திரும்பி வந்தபோது, கடை இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடையும் சைக்கிள் கடையும் மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தன. கடை வேறு யாருக்கோ அருகில் போயிருந்தது. அவரும் போனை எடுத்துத் தேடித்தான் தன் வீட்டை வரவழைக்க வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் காரணம் பூட்டுக்காரரின் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. அவனை எல்லோரும் உத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல் இல்லாமல் அவனால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. சாப்பிடப் போவதைக்கூட மதிய உத்தி என்பான். ‘வளர்ச்சி உத்தியாளர், சமூக ஊடகச் சிற்பி, மேடைப் பேச்சாளர்’ என்று அவனுடைய விசிட்டிங் கார்டில் இருந்தது. இடம் போதாமல் பின்பக்கமும் தொடர்ந்தது. பல கம்பெனிகள் பகிர்ந்துகொள்ளும் ஒரு பெரிய ஹாலில் ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்திருந்தான். அதைத்தான் தலைமை அலுவலகம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நியாயமாகச் சொல்லவேண்டுமென்றால் அவன் கொடுத்த யோசனைகளில் பெரும்பாலானவை சரியானவை. கடையின் பெயரும் போன் எண்ணும் எல்லாத் தளங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றான். ‘பூட்டு, நல்ல பூட்டு, சிறந்த பூட்டு’ என்று அடுக்கினால் தேடுபொறி முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வாடிக்கையாளர் வாயிலிருந்து வரும் வார்த்தைகளில் எழுதுங்கள் என்றான். பாராட்டி வரும் ரிவ்யூவுக்கு நன்றி சொல்ல வேண்டும், திட்டி வரும் ரிவ்யூவுக்கு அதைவிடப் பணிவாக அன்றைக்கே பதில் போட வேண்டும். வீடியோவில் முதல் மூன்று விநாடிக்குள் விஷயம் வராவிட்டால் பார்ப்பவரின் கட்டைவிரல் தள்ளிவிட்டுப் போய்விடும். ஃபாலோயர்களை விலைக்கு வாங்கக்கூடாது; வாங்கினால் அவர்கள் எதையும் வாங்க மாட்டார்கள். படத்தில் பூட்டு மட்டும் இருந்தால் போதாது, சிரிக்கும் மனித முகம் வேண்டும். பூட்டுக்காரர் எல்லாவற்றையும் செய்தார். ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தார். அவருடைய மனைவி அதைப் பார்த்து, "கல்யாண போட்டோல கூட இப்படிச் சிரிக்கலையே, பூட்டுக்குச் சிரிக்கிறீங்க" என்றாள்.

கடைசியில் உத்தி, கடையின் இணையப் பக்கத்தில் ‘சேவை செய்யும் பகுதி’ என்ற கட்டத்துக்கு வந்தான். பழைய தெருவைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தால் போதும். அவன் ‘நகரம் முழுவதும்’ என்று போட்டான். அதன் கீழே ‘முகவரியை மறைக்கவும்’ என்றிருந்ததையும் டிக் செய்தான். "எல்லை வைக்காதீங்க மாமா. வளர்ச்சிக்கு எல்லைதான் எதிரி" என்றான். கடை அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

முதல் சில மாதங்கள் எல்லோருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு பெருமை குறைந்து தலைசுற்றல் மிஞ்சியது. கடை எந்தத் தெருவில் நிற்கிறதோ அந்தத் தெருவின் தண்ணீர்தான் குழாயில் வந்தது. தலைக்குச் சோப்புப் போட்டது ஒரு தெருவில், உப்புத் தண்ணீரில் கழுவியது ஒரு தெருவில், துடைத்துக்கொண்டது குழாயே வராத ஒரு தெருவில் என்று ஆயிற்று. ஜன்னலைத் திறந்தால் ஒருநாள் பள்ளிக்கூட மைதானம், அடுத்த நாள் யாரோ ஒருவரின் குளியலறைச் சுவர். பழைய தெருவில் வீடு இருந்த காலி இடத்தில் அக்கம்பக்கத்தார் பைக்குகளை நிறுத்த ஆரம்பித்தார்கள். வாடிக்கையாளர்கள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு சமையலறை வரை வந்து தண்ணீர் கேட்டார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. ‘வேகமான சேவை’ என்று ரிவ்யூ எழுதினார்கள். ஒருவர் மட்டும் ‘வாகனம் நிறுத்த இடமில்லை’ என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தார். பூட்டுக்காரர் அவரிடம் அன்றைக்கே பணிவாக வருத்தம் தெரிவித்தார்.

மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் நின்று வீட்டைத் தேடுவாள். வீடு வரும். ஆனால் அதே நேரத்தில் சாவி தொலைத்தவர்களும் தேடுவார்கள். ஒருநாள் வீடு வந்து நின்றது. அவள் ஒரு செருப்பை வாசற்படியில் கழற்றிவிட்டு அடுத்த காலைத் தூக்குவதற்குள் ஊரின் மறுகோடியில் எவனோ கார் சாவியை டிக்கிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். வீடு போய்விட்டது. அவள் ஒற்றைச் செருப்போடு, நடைபாதையில், மழைத் தூறலில் நின்றாள். பூட்டுக்காரருக்குப் போன் செய்தாள். "ஒரு நிமிஷம் இரு, ஒரு கஸ்டமர்" என்றார் அவர். அவள் இருக்கவில்லை. கூட வேலை செய்யும் பெண் தங்கியிருந்த விடுதியில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டைத் தேடவில்லை. "என் வீட்டை நான் எதுக்குங்க கடை மாதிரி தேடணும்? ஊர்ல உள்ளவன் கூடப் போட்டி போட்டுக்கிட்டு" என்றாள். அதில் கோபம்கூட இல்லை. பூட்டுக்காரர் பயந்தது அதற்குத்தான். இரவெல்லாம் வீடு தெருத்தெருவாகப் போக, அவர் கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு தெருவிலும் நாய்கள் வேறு வேறு குரலில் குரைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உத்தியைக் கூப்பிட்டார். அவன் கட்டத்தை மாற்றப் பார்த்தான். அதற்கு, கடை இருக்கும் முகவரிக்குத் தேடுபொறிக் கம்பெனி தபாலில் ஓர் அட்டை அனுப்பும், அதில் உள்ள எண்ணைப் பதிந்தால்தான் மாற்ற முடியும் என்று திரையில் வந்தது. அட்டை வந்தது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போது வீடு இருந்தது. அவர் பைக்குள் கைவிட்டு எடுக்கும்போது இல்லை. அடுத்தடுத்த அட்டைகளுக்கும் அதே கதி. தபால்காரர் பிறகு அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். சைக்கிள் டயருக்கும் ஓர் அளவு இருக்கிறது. அடுத்து உத்தி, தான் சொன்ன யோசனைகளையெல்லாம் தலைகீழாகச் செய்யச் சொன்னான். பூட்டுக்காரர் மங்கலான படங்களைப் போட்டார். ரிவ்யூக்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்தினார். பூட்டைத் திறக்கத் தெரியாமல் தான் விழிப்பதாக, இருட்டில், நீளமாக ஒரு வீடியோ எடுத்துப் போட்டார். ‘நகரத்தின் மிக மோசமான பூட்டுக்காரர்’ என்று அதை ஆளாளுக்குப் பகிர்ந்தார்கள். பார்ப்பதற்கென்றே பலர் தேட, வீடு ஒரே காலையில் நகரத்தை முழுதாக ஒருமுறை சுற்றி வந்தது. மொட்டைமாடித் துணிகள் அன்று சீக்கிரம் காய்ந்தன என்பதைத் தவிர வேறு நன்மை இல்லை.

"பொதுவான வார்த்தைக்குத்தான் மாமா இவ்வளவு போட்டி" என்றான் உத்தி, ஓடும் வீட்டின் சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு. நீளமான, குறிப்பான தேடலுக்குப் போட்டி கிடையாது. தேடுபவர் குறைவு, ஆனால் அதற்குப் பொருத்தமாக எந்தப் பக்கம் இருக்கிறதோ அது மற்ற எல்லாரையும் தள்ளிவிட்டு அவரிடம் போய்ச் சேரும். பக்கத்தில் எழுதும் விவரத்தை மாற்ற அட்டை கிட்டை எதுவும் தேவையில்லை என்று விளக்கினான். அக்காள் எதைத் தேடுவாள் என்று தெரிந்தால் போதும். அதைக் கண்டுபிடிக்க அவனிடம் மூன்று மென்பொருள்கள் இருந்தன. மூன்றும் சேர்ந்து, அந்த வயதுப் பெண்கள் முழங்கால் வலி, தங்க விலை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைத் தேடுவதாகச் சொல்லின. பூட்டுக்காரருக்கும் மனைவிக்கும் பிள்ளைகள் கிடையாது.

"அக்கா என்ன தேடுவான்னு உங்களுக்குத் தெரியாதா மாமா? பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கீங்க."

"நீ கூடப் பிறந்தவன்தானே மாப்ளே. உனக்குத் தெரியுமா?"

இருவரும் வெளியே பார்த்தார்கள். ஒரு தீயணைப்பு நிலையம் வந்து போயிற்று. கடைசியில் பூட்டுக்காரர் எந்த உத்தியும் இல்லாமல் மனைவிக்குப் போன் செய்து கேட்டார்.

"நீ இப்பல்லாம் நெட்ல என்ன தேடுற?"

"வீடு தேடுறேன். வாடகைக்கு."

"எப்படிப்பட்ட வீடு?"

"நீங்க எதுக்குக் கேக்குறீங்க? புரோக்கர் வேலைக்கும் போயிட்டீங்களா?"

"சும்மா சொல்லேன்."

அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தவளைப் போல, கடகடவென்று சொன்னாள். "சமையல்கட்டுல காலை வெயில் விழணும். குழாயைத் திறந்தா தண்ணி ஊத்தணும், ஒழுகக் கூடாது. கடைக்கும் வீட்டுக்கும், அதான், வெளியில இருக்கற எதுக்கும் வீட்டுக்கும் நடுவுல திரைச்சீலை இல்லாம ஒரு கதவு இருக்கணும். உள்பக்கம் பூட்டு வச்ச கதவு. சாவி எங்கிட்ட இருக்கணும். போதுமா?"

ஊரில் உள்ள கதவுகளுக்கெல்லாம் பூட்டுப் போட்ட மனிதர் திரும்பித் தன் வீட்டுத் திரைச்சீலையைப் பார்த்தார். அதில் ஒரு மயில் இருந்தது. மயிலின் கழுத்தில் வாடிக்கையாளர்களின் கிரீஸ் கறை இருந்தது.

அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் கடையின் பக்கத்தில் எழுதினார்கள். உத்தி சோதித்துப் பார்த்துவிட்டு, "மாமா, இதை மாசத்துக்கு எத்தனை பேர் தேடுறாங்கன்னா பூஜ்யம்" என்றான். "ஒருத்தி தேடுறா" என்றார் பூட்டுக்காரர். அப்போதுதான் உத்தி தன் வாழ்நாளின் மிகச் சிறந்த யோசனையைச் சொன்னான். அதற்கு அவன் பெயர்கூட வைக்கவில்லை. பக்கத்தில் எழுதியிருப்பது இடத்தில் இல்லையென்றால் வந்தவர் வந்த வேகத்தில் திரும்பிப் போய்விடுவார். தேடுபொறி அதைக் குறித்துக்கொண்டு மறுபடி அவருக்கு அந்தப் பக்கத்தையே காட்டாது. பூட்டுக்காரர் அன்றே கடையைச் சாத்தினார். மைத்துனனிடம் சுத்தியலைக் கொடுத்து, தான் உளியைப் பிடித்தார். வீடு ஓடிக்கொண்டிருக்கையிலேயே சமையலறைச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார்கள். செங்கல் தூள் பல தெருக்களில் விழுந்தது. சமூக ஊடகச் சிற்பி முதன்முறையாகக் கையில் கொப்புளத்தோடு எதையோ செதுக்கினான். குழாய்களை மாற்றி மாடியில் தொட்டி கட்டினார்கள். கதவுக்கு நல்ல மரமாகப் பார்த்து வாங்கினார்கள். பூட்டைப் பூட்டுக்காரர் தானே செய்தார். ஒரே ஒரு சாவிதான் செய்தார்.

பிறகு காத்திருந்தார்கள். சாவி தொலைத்தவர்கள் தேடத் தேட வீடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு முறை அது நிற்கும்போதும் பூட்டுக்காரர் ஜன்னலுக்கு ஓடுவார். வாசலில் கார்க்காரர்கள், பீரோக்காரர்கள், பெட்டிச் சாவியை விழுங்கிய குழந்தையோடு ஒரு தகப்பன். அவள் வேறு வீடு பார்த்து முடித்திருப்பாளோ என்று அவருக்குத் தோன்றியது. கேட்கப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டே, அவள் தேடினாள். வீடு எதிரே, வெகுநாளாகக் காலியாகக் கிடந்த மனையில் வந்து நின்றது. சமையலறை கிழக்கைப் பார்த்திருந்தது. அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, அவசரப்படாமல் தெருவைக் கடந்து வந்தாள். கணவரைப் பார்த்துத் தலையசைத்தாள், வீட்டுச் சொந்தக்காரரைப் பார்த்து அசைப்பது போல. குழாயைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்து மூடினாள். வெயில் அடுப்பு மேடை வரை வந்திருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தாள். "ஜன்னல் கோணலா இருக்கே" என்றாள். "வீடு ஒரு வளைவுல திரும்பும்போது வச்சது" என்றார் அவர். சாவியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, அவர் கடைப் பக்கம் நிற்கும்போதே கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டிப் பார்த்தாள். பூட்டு நாக்கு சத்தமில்லாமல் இறங்கியது. அந்த நேரத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் பூட்டுக்கடை தேடியிருக்க வேண்டும். கடை மட்டும் புறப்பட்டுப் போயிற்று. வீடு நின்றது.

உத்தி இதைப் பற்றி இப்போது மேடைகளில் பேசுகிறான். படங்கள் காட்டுகிறான், அதில் கொப்புளம் பெரிதாகத் தெரிகிறது. யாரும் அவனை அருகில் தேடாததால் அவனுடைய நாற்காலி இன்றுவரை ஒரு சாண்கூட நகர்ந்ததில்லை. கடை வழக்கம்போல நகரம் முழுவதும் போய்வருகிறது. அது எந்தத் தெருவில் நின்றாலும் அதன் பின்கதவைத் திறந்தால் அந்தச் சமையலறைதான். சாவி ஒன்றே ஒன்று என்பதால் பூட்டுக்காரர் வேலை முடிந்ததும் கதவைத் தட்டுவார். உடனே திறக்காது.

"இன்னிக்கு எந்தத் தெரு?"

"ஸ்டேடியத்துக்குப் பின்னாடி."

"அங்க எலுமிச்சம்பழம் நல்லா இருக்குமே. வாங்கினீங்களா?"

அவர் பையை எடுத்துக்கொண்டு, கடை அங்கே நிற்கும்போதே வாங்கிவிட வேண்டுமே என்று அவசரமாக இறங்கிப் போவார்.