தெருவைப் பார்த்த கதவு

இப்போதெல்லாம் பெண்டாட்டியை அடிப்பதைக்கூட ஆண்கள் பயந்து பயந்துதான் செய்கிறார்கள் என்பது வெல்டிங்காரரின் எண்ணம். அவர் காலத்தில் அடிக்கிறவன் கதவைத் திறந்துபோட்டு அடிப்பான். பக்கத்து வீட்டுக்காரன் திட்டிக்கொண்டே வந்து விலக்கிவிடுவான். இப்போது ஜன்னலைச் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு அடிக்கிறார்கள். வெளியே வந்ததும் சட்டையைச் சரிசெய்துகொண்டு, இன்றைக்கு வெயில் அதிகம் என்கிறார்கள்.

அன்று காலை அவர் வீட்டிலேயே டிவி சத்தம் கூடியது.

கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கதவு அறைந்தது. அதற்குள்ளேயே இன்னொரு சத்தம், காய்ந்த குச்சி முறிகிற மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தால், மருமகளின் வலது கை அறைக் கதவின் கீல் இடுக்கில் இருந்தது. மகன் தோளால் கதவை அழுத்திக்கொண்டு நின்றான்.

"ஆபீஸுக்கு போன் பண்ணு. கதவைத் திருப்பச் சம்மதம்னு சொல்லு."

அவள் வாய் திறக்கவில்லை. முகம் சாம்பலாகிவிட்டிருந்தது. கிழவர் மகனின் பிடரியைப் பிடித்து இழுத்தார். கதவு விலகியதும் அவளுடைய இரண்டு விரல்கள் வேறு யாருடையவோ மாதிரி தொங்கின.

"தானா மாட்டிக்கிச்சு," என்றான் மகன். டிவியில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சண்டை ஒரு கதவைப் பற்றியது. அவர்கள் தெருவின் கோடியில், மேம்பாலத்தை ஒட்டி, செத்துப்போன லாரிகள் துருப்பிடித்துக் கிடந்த ஒரு நீள இடம் இருந்தது. அதில் பெட்டி வீடுகள் வைக்க நகர ஆபீஸ் முடிவு செய்திருந்தது. சமையல் மேடை, குளியலறை, சுவரோடு மடிகிற கட்டில் எல்லாம் வைத்து ஷெட்டிலேயே செய்து முடித்த இரும்புப் பெட்டிகள். கிரேனில் தூக்கி வைத்தால் வீடு. பாலத்தூண்களுக்கு நடுவில் தார்ப்பாய் கட்டி வாழ்ந்த சாக்கடைத் தொழிலாளிகளுக்காக. வரைந்தவள் மருமகள். பற்றவைத்தவர் மாமனார்.

அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. "இது மனுஷன் இருக்கிறதுக்கா, பிஸ்கட் அடைக்கிறதுக்கா?" என்று கேட்டார். "முதல் டப்பாவுல உங்களைத்தான் அடைக்கப் போறேன் மாமா," என்று சிரித்தாள். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எல்லாவற்றையும் தரையின் நட்ட நடுவில் இறக்கியிருந்தாள். எந்த இடுக்கிலும், எப்படித் திருப்பி வைத்தாலும் பெட்டி பொருந்த வேண்டும் என்பது அவள் கணக்கு.

அந்தக் கெட்டிக்காரத்தனமே வினையாயிற்று. பெட்டி வீடு வருவதில் தெருவுக்கு ஆட்சேபம் இல்லை. சாக்கடை அடைத்தால் ஆள் பக்கத்திலேயே இருப்பது நல்லதுதானே. ஆனால் அந்த ஆட்களின் கதவு தங்கள் தெருவைப் பார்த்துத் திறக்கக் கூடாது. காலையில் வெளியே வந்ததும் அந்த முகங்களிலா விழிப்பது? திருப்பி வைத்தாலும் பொருந்தும் என்று சொன்னீர்களே, சாக்கடைப் பக்கம் திருப்பி வையுங்கள் என்றார்கள். ஆபீஸ் தலையாட்டிவிட்டது. மருமகள் மட்டும் ஆட்டவில்லை. அவளை ஆட்டிவைப்பதாகத் தெருவுக்கு வாக்குக் கொடுத்தவன், தெருச் சங்கத்தின் செயலாளரான அவள் புருஷன்.

முதல் பெட்டி குழிக்காரிக்கு. பெயர் வேறு ஏதோ இருக்கும். அவள் புருஷன் அந்தத் தெருவின் சாக்கடைக் குழிக்குள் இறங்கிப் பிணமாக வந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்த தெரு, அன்றிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிட்டது. வெல்டிங்காரரும்தான்.

கிரேன் வந்த நாளில் மருமகள் மாவுக்கட்டோடு வந்து நின்றாள். பெட்டி அந்தரத்தில் தொங்கியது. கதவைத் தெருப்பக்கம் திருப்பச் சொன்னாள். கிரேன்காரன், ஆபீஸில் சொன்னபடிதான் வைப்பேன் என்றான். அதற்குள் தெரு ஆண்கள் இரும்புக் குழாய்களோடு வந்துவிட்டார்கள். இரண்டு பேர் கூலியாட்களின் முதுகில் அடித்தார்கள். ஒரு கல் பறந்துபோய்க் குழிக்காரியின் புருவத்தைப் பிளந்தது. அவள் ரத்தத்தை வழித்து உதறிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.

மகன் நேராகப் பெண்டாட்டியிடம் வந்தான். மாவுக்கட்டுப் போட்ட கையையே பிடித்துத் தரதரவென்று இழுத்தான். கதவிடுக்கில் கத்தாதவள் இப்போது கத்தினாள்.

வெல்டிங்காரர் கையில் கடப்பாரை இருந்தது. யோசிக்கவில்லை. மகனின் முழங்கைக்குக் கீழே ஒரே போடு. அதே காய்ந்த குச்சிச் சத்தம்.

"அப்பா..." என்று மகன் மண்ணில் உட்கார்ந்தான்.

"தானா பட்டுடுச்சுடா," என்றார்.

பிறகு பெட்டியிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்து, உடம்பைச் சாய்த்து இழுத்தார். பெட்டி திரும்பியது. இரும்பு முனை தலைக்கு நேரே வந்ததும் குழாய் பிடித்தவர்கள் சிதறி ஓடினார்கள். அதற்குமேல் கிரேன்காரனுக்கும் அதைத் தொங்கவிடத் தைரியமில்லை, இறக்கிவிட்டான். அவர் மண்டியிட்டு, பெட்டியின் கால்களைத் தரையில் பதித்திருந்த இரும்புத் தகட்டோடு சேர்த்துப் பற்றவைத்தார். கிட்டே வந்தவன் முகத்தில் நெருப்புப் பொறி தெறித்தது.

எல்லாம் முடிந்தபின் போலீஸ் வந்தது. மற்ற பெட்டிகள் காவலோடு, தெருவுக்கு முதுகைக் காட்டி இறங்கின. மருமகள் ஒரு பையோடு தோழியின் அறைக்குப் போனாள். மகன் அப்பாவோடு பேச்சை நிறுத்தினான்.

குழிக்காரி குடிவந்த மறுநாளிலிருந்து அவள் வாசலில் மலமும் எச்சில் இலையும் கொட்டிக் கிடந்தன. மருமகள் ஆபீஸில் புகார் செய்தாள். தெருவை உடனே சுத்தம் செய்ய ஆபீஸ் உத்தரவு போட்டது. அந்தத் தெருவைச் சுத்தம் செய்கிறவள் குழிக்காரிதான்.

அவள் துடைப்பத்தோடு வெளியே வந்தாள். தன் வாசலை மட்டும் கூட்டினாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனாள். அடுத்த நாளும் அப்படியே. தெரு நாறியது. சாக்கடை பொங்கி கேட்டுகளுக்குள் வந்தது. கட்டுப்போட்ட கையோடு மகனே வந்து பேசினான். "நீங்க சொன்னா கேப்பா."

போனார். மருமகள் அங்கே வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வேலைக்காரியா வந்தப்ப தெருவைக் கூட்டினேன் பெரியவரே," என்றாள் குழிக்காரி. "இப்ப நானும் இந்தத் தெருவுல குடியிருக்கேன். அவங்கவங்க வாசலை அவங்கவங்க கூட்டட்டும்."

"வேலை போயிடும்."

"நேத்தே போயிடுச்சு."

மருமகள் சிரித்தாள். "பாத்தீங்களா மாமா? கதவு வேலை செய்யுது."

அவருக்கு என்னவோ தோன்றியது. "ஏம்மா, உன் பேர் என்ன?"

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் கேக்கத் தோணிச்சா?" என்றாள். பெயரைச் சொல்லவில்லை.

அப்போது சாக்கடைப் பக்கத்துப் பெட்டி ஒன்றிலிருந்து இன்னொரு பெண் துடைப்பத்தோடு சுற்றி வந்தாள். இந்தக் கதவைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நேராக மகனின் கேட்டுக்குப் போனாள். நல்ல கையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த அவன், எங்கே தொடங்க வேண்டும் என்று காலால் காட்டினான்.

மருமகளின் சிரிப்பு நின்றது. "அவங்களும் ஒரு நாள் நிறுத்துவாங்க மாமா."

"நிறுத்துவாங்க, நிறுத்துவாங்க," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். புதியவள் கூட்டிச் சேர்த்த குவியலை மிதிக்காமல் ஒதுங்கி, மகன் பக்கம் திரும்பாமல், பட்டறையைப் பார்த்து நடந்தார்.