நாக்குக்கு அடியில் இரண்டு நிமிடம்

இலஞ்சியில் புருஷன் வீட்டுக்கு வந்த நாற்பதாவது நாள் சண்முகசுந்தரி காய்ச்சலில் விழுந்தாள். வெளியே ஆனிச் சாரல். கண்ணை மூடினால் கட்டில் மெல்ல நகர்ந்து, ஈரத் தென்னைகளுக்கு நடுவே குற்றாலத்து மலையைப் பார்த்து மிதந்து போவதுபோல இருந்தது.

புருஷன் குத்தாலிங்கம் தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியார். அவளிடம் இதுவரை பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். "சாப்பாடு வை", "வாரேன்", அவ்வளவுதான். தன்னைப் பிடிக்கவில்லை என்றே அவள் முடிவு கட்டியிருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவன் லீவு போட்டுவிட்டு, கம்பவுண்டர் ஞானதுரையிடம் காய்ச்சலுக்கு மிக்சர் மருந்தும் இரவலாக ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிக்கொண்டு நனைந்தபடி வந்தான். நாலு உதறு உதறி அவள் நாக்குக்கு அடியில் வைத்தான்.

"ரெண்டு நிமிசம் வாயத் தெறக்கப்படாதாம்."

கடிகாரத்தைப் பார்த்தான். அவளால் பதில் சொல்ல முடியாது என்ற தைரியமோ என்னவோ, மெதுவாகப் பேசத் தொடங்கினான்.

"உனக்கு டீச்சர் ட்ரெய்னிங்குக்கு எடம் கெடச்சிருந்துச்சாமே. எனக்குக் கெட்டிக் குடுக்கதுக்காக நிப்பாட்டிட்டாங்களாம். கல்யாணத்துக்கு மறுநாள்தான் உங்க அண்ணன் சொன்னாரு. அதுலருந்து உன் மொகத்தப் பாக்கவே கூசுது. படிப்பக் கெடுத்தவன் நான்லா? என்னன்னு பேச?"

அவன் குரல் அருவிக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோலக் கேட்டது. கனவோ? கையை நீட்டி அவன் சட்டையைத் தொட்டாள். ஈரம் சில்லென்று விரலில் ஏறியது. சட்டென்று வாயிலிருந்ததை உருவினாள்.

"ஏட்டி, இன்னும் நேரம் ஆவல!"

"என்னயப் பிடிக்காமத்தான் பேசலன்னுல்லா நெனச்சேன்" என்றாள். கண்ணீர்கூடச் சுட்டது.

அவன் துண்டால் அவள் கண்ணைத் துடைத்தான். பிறகு தெர்மாமீட்டரைத் திரும்ப வைத்துப் பார்த்தான். நூற்றுமூன்று. மிக்சரைக் கொடுத்து, ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டான். துணி சூடேற ஏற மாற்றிக்கொண்டே என்னென்னவோ சொன்னான்: பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அடிக்கும் கூத்து, பண்பொழி மலையில் படியேறி மூச்சு வாங்கியது. பாதி அவளுக்குக் கேட்டது, பாதி தூக்கத்தில் கரைந்தது. தூக்கத்தில் அவளும் அந்தப் படிகளில் ஏறினாள். கால் வைத்த இடமெல்லாம் பஞ்சாக அமுங்கியது.

விழித்தபோது மழை விட்டு, மஞ்சள் வெயில் அறைக்குள் வந்திருந்தது. உடம்பெல்லாம் வேர்வை. காய்ச்சல் நூற்றுக்கு இறங்கியிருந்தது.

"ட்ரெய்னிங்குக்கு மறுபடி எழுதிப் போடுவமா?" என்றான் அவன்.

"போடுவோம். மொதல்ல கஞ்சி தாங்க. பசிக்கி."

அவன் அடுப்படிக்கு ஓடினான். ஈர விறகு புகைந்தது. இருமல் கேட்டது. அவள் படுத்தபடியே குரல் கொடுத்தாள்:

"காஞ்ச வெறகு கதவுக்குப் பின்னால இருக்கு!"