மஞ்சள் பெஞ்சு

தூவாவின் உயிர்த்தோழி ஈபென் கோடை விடுமுறையில் தொலைவிலுள்ள பெர்கன் நகரத்துக்குக் குடிபோய்விட்டாள். ஐந்தாம் வகுப்பு தொடங்கியதிலிருந்து, இடைவேளை மணி அடித்தால் தூவாவுக்குச் சேர்ந்து விளையாட ஆளில்லை. ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியே பொழுதைத் தள்ளினாள்.

அப்போதுதான் தலைமையாசிரியர் ஓட்வார் மைதானத்தின் நட்டநடுவில் ஒரு மஞ்சள் பெஞ்சைப் போட்டார். தனியாக இருக்கும் பிள்ளைகள் அதில் உட்கார வேண்டும். யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள். திறப்பு விழாவுக்கு நகராட்சியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கேக் வெட்டினார்கள். இனி இந்தப் பள்ளியில் தனிமையே கிடையாது என்று ஓட்வார் அறிவித்தார்.

எல்லா ஜன்னல்களிலிருந்தும் தெரிகிற இடம் அது. அங்கே போய் உட்காருவதும், எனக்கு யாருமில்லை என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்வதும் ஒன்றுதான். ஒருவரும் உட்காரவில்லை. ஓட்வாருக்குக் கவலையாகிவிட்டது. தனிமையில் வாடும் பிள்ளை ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால் திட்டம் எப்படி வெற்றி பெறும்?

ஒரு தூறல் நாளில் தூவா மனம் சலித்துப் போய் உட்கார்ந்தாள். உடனே ஹால்வர் ஓடிவந்தான். அவன் மேலே மாட்டியிருந்த, கண்ணைப் பறிக்கும் பச்சைச் சட்டையின் முதுகில் ‘நட்புத் தூதர்’ என்று எழுதியிருந்தது.

"வணக்கம். என் பேரு ஹால்வர். நீ தனிமையா உணர்றியா?" என்று ஒப்பித்தான்.

"ஒண்ணாங் கிளாஸ்லேருந்து ஒண்ணாப் படிக்கிறோம். உன் பேரு எனக்குத் தெரியாதாடா?"

"இப்படித்தான் கேக்கணுமாம்."

"உன்னை ஏன் இந்த வேலைக்குப் பிடிச்சுப் போட்டாங்க?"

"மத்தவங்க எல்லாம் ஃபுட்பால் ஆடுறாங்க. நான்தான் சும்மா நின்னுட்டிருந்தேன்."

தூவா நகர்ந்து இடம் விட்டாள். அவன் தன் ரொட்டியைப் பிரித்து முகம் சுளித்தான். "இன்னிக்கும் ஈரல் விழுது தடவினதுதான். உன்னோடது?"

"பழுப்புச் சீஸ். பாதி மாத்திக்கலாம், வா."

அன்றிலிருந்து தினமும் அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் சிரிப்பு. ஓட்வார் அவர்களைப் படமெடுத்துப் பெரிதாக அச்சிட்டு வாசலில் மாட்டினார். அடுத்த திங்கட்கிழமை நேரே பெஞ்சுக்கே வந்தார்.

"ரொம்ப சந்தோஷம் பசங்களா! சரி, எந்திரிங்க."

"ஏன்?"

"இது யாருமில்லாதவங்க உக்கார்ற இடம். உங்களுக்குத்தான் ஆள் கிடைச்சாச்சே."

"வேற யாருமே வரலையே?" என்றாள் தூவா.

"வருவாங்க. இடம் காலியா இருக்கணும்ல?"

பச்சைச் சட்டையையும் கழற்றி வாங்கிக்கொண்டார். இருவரும் சைக்கிள் கொட்டகைக்குள் ஒண்டினார்கள். மழைக்குக் கூரை ஒழுகியது. வெளியே பெஞ்சு வெறுமனே நனைந்துகொண்டிருந்தது.

"என் பதவியே போச்சு," என்றான் ஹால்வர்.

"நல்லதாப் போச்சு. அந்தச் சட்டையில உன்னைப் பாத்தா ரோடு போட வந்த ஆள் மாதிரியே இருந்துச்சு."

அவன் கோபித்துக்கொள்ளத்தான் பார்த்தான்; முடியவில்லை. வாயிலிருந்த ரொட்டி தெறிக்கச் சிரித்தான்.