சாய்ந்த பின்னங்கள்

வினாத்தாள் கட்டைப் பிரித்ததும் கணக்கு டீச்சருக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. தேர்வு மணி அடிக்கப் போகிற நேரம். அவள் எழுதிக் கொடுத்ததில் x-உம் மூன்றும் சேர்ந்து கோட்டுக்கு மேலே நின்றன; கீழே இரண்டு. அச்சில் வந்திருப்பதோ x+3/2. மூன்றை மட்டும் இரண்டால் வகுக்கச் சொல்கிற வேறு கணக்கு. தாள் முழுக்கப் பின்னங்கள் இப்படியே சாய்ந்து கிடந்தன. இதைப் போட்டால் ஒரு பிள்ளையும் கரையேறாது.

தாளை உருவிக்கொண்டு அலுவலக அறைக்குள் புயலாக நுழைந்தாள்.

“கம்ப்யூட்டர்ல சமன்பாட்டுப் பெட்டின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு அக்கா? அழகு பார்க்கவா?”

டைப் அடிக்கும் அக்கா பதறி எழுந்தாள். “போன பரீட்சைக்கு அதுலதான் போட்டேன் டீச்சர். வரிக்கு நடுவுல வச்சா பின்னம் எறும்பா சுருங்கிடுது. அதான் இந்தத் தடவை சாதாரண எழுத்துல சாய்கோடு போட்டு அடிச்சேன்.”

“அடைப்புக்குறி எங்கே? என்னை ஒரு வார்த்தை கேக்க வாய் இல்லையா? பிள்ளைங்க தலையில மண்ணை வாரிப் போட்டுட்டீங்களே!”

“தப்புதான்.” அக்காவின் குரல் இறங்கியது. “போன பரீட்சை முடிஞ்சு உங்க கடைசி பெஞ்சுப் பொண்ணு தாளை மூக்குல ஒட்டிக்கிட்டு வந்தா. ‘கோட்டுக்குக் கீழ இருக்கிறது எட்டா, மூணா?’ன்னு கேட்டா. டீச்சரைக் கேளுன்னேன். பயமா இருக்குன்னுட்டா.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. ‘கவனக்குறைவு’ என்று அந்தப் பெண்ணின் விடைத்தாளில் எழுதியது அவள்தான். ஆனாலும் கோபம் தணியவில்லை.

“தனி வரியில வச்சா பெரிசா நிக்குமில்ல?”

“நிக்கும். ரெண்டு தாள் ஆகுமே? ஒரே தாள்தான்னு தலைமையாசிரியர் உத்தரவு.”

“அவரா பரீட்சை எழுதப் போறாரு? நீங்க அடிங்க.”

ஆண்டவன் கோபத்தை வீணுக்குக் கொடுப்பதில்லை. நாம்தான் அதை எளியவர் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறோம். டீச்சர் இந்த முறை தலைமையாசிரியர் கதவைத் தட்டினாள்.

“மணியைத் தள்ளி அடிக்கச் சொல்லுங்க சார். வினாத்தாள் ரெண்டு தாளா வருது.”

“சிக்கனம்னு ஒண்ணு இருக்கே டீச்சர்...”

“பிள்ளைங்க கண்ணுலயா சார் சிக்கனம் பிடிக்கிறது? தாளைச் சரிபார்க்காதது என் தப்பு. அதுக்கு என்னைத் திட்டுங்க. மணியை மட்டும் நிறுத்துங்க.”

அவர் வாயைத் திறந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மணியடிப்பவரைக் கூப்பிட்டார்.

திரும்பி வந்தபோது அச்சு இயந்திரம் தாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பின்னமும் தனி வரியில் நிமிர்ந்து நின்றது. அக்கா தனியாகப் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“நகருங்க, ஆளுக்குப் பாதி,” என்று சிடுசிடுத்தபடியே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சர் ஸ்டேப்லரை ஓங்கி அடிக்கத் தொடங்கினாள்.