தோப்புக்கு உரியவளைக் கேளுங்கள்

சார்பதிவாளர் அலுவலக வாசலில் கொழுந்தனார் அர்த்தநாரியின் பைக்கைக் கண்டதும் நாச்சம்மாள் படியிலேயே நின்றுவிட்டாள். இன்று உயில் பதியப்போகும் செய்தி அவருக்கு எப்படித் தெரிந்தது?

தாய் கொடுத்த தென்னந்தோப்பு அது. பத்திரம் அவள் பெயரில். பிள்ளையில்லாத அந்த விதவை, தன் காலத்துக்குப் பிறகு அது கொழிஞ்சாம்பாறைப் பெண்கள் விடுதிக்குச் சேரவேண்டும் என்று முடிவெடுத்திருந்தாள்.

"நாந்தானுங்கம்மா அண்ணனுக்குப் போன் பண்ணினேன்" என்றார் விடுதி அறக்கட்டளையின் செயலாளர் சிவப்பிரகாஷ், பெருமையோடு. "ஊட்டு ஆம்பளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்றதுதானுங்களே மொறை."

முறை! எந்த நூல் வகுத்த முறை? வரி கட்டும் நாளில் வராத ஆண், நீர் பாய்ச்சும் நாளில் வராத ஆண், அவள் தன் விருப்பத்தைச் செய்ய எழும் நாளில் மட்டும் அழைக்கப்படுகிறான். அழைப்பவனோ அவளிடம் கொடை வாங்க வந்தவன்!

அர்த்தநாரி நேரே அண்ணியிடம் வந்தார். "ஏனுங்க நங்கையா, ஊரான் சொல்லித்தான் எனக்குத் தெரியோணுமா? தோப்ப எழுதிக் குடுத்துப்போட்டு, நாளைக்கு எளநிக்கு விடுதி வாசல்ல போயி நிப்பீங்களா?"

"நாஞ் செத்த பொறகுதானுங்க அது போகும். அதுவரைக்கும் எளநி எனக்குத்தான். வாங்க, உங்களுக்கும் ஒண்ணு வெட்டித் தாறேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அர்த்தநாரியின் முகம் கறுத்தது. அவள் அழைத்துவந்திருந்த சாட்சிகள் இருவரையும் உற்றுப் பார்த்தார். இருவரும் அவருடைய கிணற்றுத் தண்ணீரை நம்பி வெள்ளாமை செய்கிறவர்கள்.

"மோட்டாரு போட்டது போட்டபடி இருக்குதுங்க" என்று ஒருவர் முனகினார். இருவரும் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

"நாச்சம்மாள்! சாட்சிகள் எவிடே?" அந்த எல்லையூர் அலுவலகத்தின் எழுத்தர் உள்ளிருந்து மலையாளத்தில் கூப்பிட்டார்.

சிவப்பிரகாஷ் பதறினார். "நான் போடட்டுங்களாம்மா?"

"வாங்கறவரே சாட்சி போட்டா, நாளைக்குக் கேஸுன்னு வந்தா நிக்குமுங்களா?"

பெஞ்சில் அக்காளும் தங்கையுமாக இரு பெண்கள் இருந்தார்கள். பிறந்த வீட்டு நிலத்தில் தங்கள் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வந்தவர்கள். ஆதார் அட்டை கையில் இருந்தது. நாச்சம்மாள் அவர்கள்முன் போய் நின்றாள்.

"கண்ணு, சாட்சிக்கு ஆம்பளைதான் வேணுமுன்னு சட்டமில்ல. நாங் கையெழுத்துப் போடறதப் பாத்துப்போட்டு நீங்க போடோணும், அவ்வளவுதான்."

"எந்திரிக்காதக்கா, ஊரு வம்பு நமக்கெதுக்கு?" என்றான் அருகிலிருந்த தம்பி.

மூத்தவள் மௌனிகா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "பங்க விடறதுக்கு மட்டுந்தான் எங்கையெழுத்துச் செல்லுமாடா?"

அவள் எழுந்தாள். தங்கையும் எழுந்தாள்.

"கையெழுத்துப் போட்டீங்கன்னா எங்க ஊட்டுப் படி ஏறாதீங்க" என்றார் அர்த்தநாரி, நாச்சம்மாளிடம்.

நாச்சம்மாளின் பேனா தாளின்மேல் நின்றது. கணவர் போனபின் அவள் பொங்கலும் தீபாவளியும் கண்டது அந்த வீட்டில்தான். ஆயினும் போட்டாள். எழுத்துக் கோணிற்று; கொடை கோணவில்லை. பெண்கள் இருவரும் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டார்கள். வெளியே பைக் உறுமிப் புறப்பட்டது.

"அண்ணங்கிட்ட நான் பேசிச் சமாதானம் பண்ணிப்போடறேனுங்கம்மா" என்று கைப்பேசியை எடுத்தார் சிவப்பிரகாஷ்.

"மறுபடியும் அவருகிட்டயா? எங்கிட்டப் பேசுங்க. அந்தப் புள்ளைங்க என்ன திங்குதுங்க, எங்க தூங்குதுங்க, ஒண்ணுமே நீங்க எனக்குச் சொன்னதில்லையே."

சிவப்பிரகாஷின் தலை கவிழ்ந்தது. கைப்பேசியைப் பைக்குள் போட்டார். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, விடுதியின் ஒழுகும் கூரையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னார்.